உலர்த்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: விதைப் பாதுகாப்பு ஆராய்ச்சி பற்றி வாசகர் கேள்வி – பதில்

விதை வங்கி வேலை, அதற்கான படிப்பு, அங்கே நடக்கும் ஆராய்ச்சி, வீட்டில் விதை காப்பது ஆகியவை பற்றி வந்த கடிதங்களுக்கு விதை அறிவியல் துறையினர் பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

தாவரவியல் மாணவி, திண்டுக்கல்: பி.எஸ்சி. தாவரவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். விதைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வேளாண் பட்டம் இல்லாதவர்களுக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு. வேளாண் பல்கலைக்கழகங்களில் விதை அறிவியல் முதுகலைக்குச் சேர வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் போன்ற பட்டங்களைக் கேட்பார்கள். அந்த வழி உங்களுக்குச் சிரமம். தாவரவியலிலேயே எம்.எஸ்சி. முடியுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுதி உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குச் சேருங்கள். ஆய்வுக்கு விதையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுத் தாவரங்கள், மரங்கள், மருந்துச் செடிகள் ஆகியவற்றின் விதைகளைப் பற்றிய வேலையில் தாவரவியல்காரர்களுக்கு ஒரு படி முன்னுரிமைகூட உண்டு. இலையும் பூவும் பார்த்துச் செடியைச் சரியாகப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே எப்போதும் தேவை.

வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. விதை அறிவியல் தொழில்நுட்பம், பொருளாதாரத் தாவரவியலும் தாவர மரபுவளமும் என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவுக்கு எந்த முதுகலைப் பட்டம் செல்லும் என்ற பட்டியல் அறிவிப்பிலேயே இருக்கும். முதுகலையில் சேர்வதற்கு முன்பே அதை எடுத்துப் படியுங்கள். பட்டம் வாங்கிய பிறகு பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் நிறையப் பேர்.

இடங்கள் என்று பார்த்தால், தில்லி பூசா வளாகத்தில் தேசியத் தாவர மரபுவள வாரியம் இருக்கிறது. தேசிய மரபணு வங்கி அதன் பொறுப்பில்தான் இயங்குகிறது. நமக்குப் பக்கத்தில் அதன் மண்டல நிலையங்கள் திருச்சூரிலும் ஐதராபாத்திலும் உள்ளன. கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கி, வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம், இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் என்று மூன்றும் ஒரே ஊரில். சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. கேரளத்துப் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரத் தோட்டம். இவற்றில் ஏதாவது ஒன்றில் இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒரு மாதம் முளைப்புச் சோதனை எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்க முளைகளை எண்ண முடிகிறதா, முடியவில்லையா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

ஒரு தந்தை, விருதுநகர்: என் மகன் விதை வங்கியில் விஞ்ஞானியாகப் போகிறேன் என்கிறான். விதையைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முனைவர் பட்டம் எதற்கு?

பூட்டுவதற்குத் தேவையில்லை ஐயா. அதற்கு மின்சாரமும் ஒரு காவலாளியும் போதும். உள்ளே போகும் விதை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? சாகப்போகிறது என்பதைச் சாவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? திரும்ப விதைத்துப் பெருக்கும்போது அது வேறு ரகமாக மாறிப்போகாமல் எப்படிக் காப்பது? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் ஆள் தேவை. ஒரு நெல் ரகம் வயலிலிருந்து குளிரறைக்குப் போகும் வழியைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

சேகரிப்பில் ஆரம்பம். வயலில் நன்றாக விளைந்த நாலு கதிரை மட்டும் அறுத்து வந்தால் அது விதைநெல் தேர்வு. மரபுவளச் சேகரிப்பு ஆகாது. ஒரு ரகத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு அத்தனையும் பையில் ஏறவேண்டும். நெல் போலத் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிரில் சுமார் 60 செடிகள், கம்பு போல அயல் மகரந்தம் ஏற்கும் பயிரில் சுமார் 30 செடிகள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அப்படி எடுத்தால், நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காணப்படும் எந்த மரபணு வடிவமும் 95 சதவீத வாய்ப்போடு மாதிரிக்குள் வந்துவிடும். காட்டுச் செடி என்றால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கைவைக்கக் கூடாது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், ஊர், உள்ளூர்ப் பெயர், எந்தப் பட்டத்தில் விதைக்கிறார்கள், எதற்குச் சமைக்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கேயே எழுதியாக வேண்டும். துறையில் இதைப் பாஸ்போர்ட் விவரம் என்பார்கள். இது இல்லாத விதைப் பை அநாதை.

வங்கிக்கு வந்ததும் நம் நாட்டுச் சேகரிப்பு என்றால் ஐ.சி. எண், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் ஈ.சி. எண். பிறகு சுத்தம் செய்து, பூச்சி துளைத்ததையும் பதரையும் கழிப்பார்கள். விதைக்கடையில் பார்ப்பது போன்ற வண்ண மருந்து எதையும் பூசமாட்டார்கள். அது பின்னால் வரும் முளைப்புச் சோதனையின் முடிவைக் குழப்பும், கையாளுகிறவர் உடம்புக்கும் ஆகாது.

அடுத்தது ஈரம் அளப்பது. நெல்லை அரைத்து 130 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2 மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் எடை போடுவார்கள். எள், நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளுக்கு இந்தச் சூடு ஆகாது. எண்ணெயே மாற்றமடைந்து எடைக்கணக்கைக் கெடுத்துவிடும். அவற்றை 103 டிகிரியில் 17 மணி நேரம் வைக்கவேண்டும்.

இனிதான் மொத்த வேலையின் உயிர்நாடி: உலர்த்துவது. 15 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்ற அளவில் வைத்த அறையில், துணிப்பையில் சில வாரங்கள் கிடக்கும். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் விதையை அரைத்து வீணாக்கத் தேவையில்லை, எடையே சொல்லிவிடும். 12 சதவீத ஈரமுள்ள 500 கிராம் நெல்லை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். 500 ஐ 88 ஆல் பெருக்கி 94 ஆல் வகுத்தால் 468. பை 468 கிராம் காட்டும் நாளில் எடுத்துவிடலாம். அறையை இன்னும் சூடாக்கினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ஈரமான விதைக்குச் சூடு கொடுத்தால், உலர்வதற்குள்ளாகவே அதன் ஆயுளில் ஒரு பகுதி போய்விடும்.

பிறகு பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்ற மூன்றடுக்குப் பையில் அடைத்துச் சூட்டில் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். ஒரு ரகத்துக்கு 1,500 முதல் 2,000 விதை இருப்பது நல்லது. அயல் மகரந்தப் பயிருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உள்ளே வைக்கும்போது முளைப்புத்திறன் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்பது 2014-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட மரபணு வங்கித் தரநெறி. சில காட்டு இனங்களுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு.

வைத்ததோடு முடிந்துவிடாது. நெடுநாள் வாழும் இனம் என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, அற்பாயுள் இனம் என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்கவேண்டும். தொடக்க முளைப்பில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் வயலுக்குக் கொண்டுபோய்ப் புது விதை எடுக்கவேண்டும். தொடக்கத்தில் 96 இருந்த விதைக்கு எச்சரிக்கை எல்லை 82. இந்தப் புதுப்பித்தல்தான் மிக ஆபத்தான கட்டம். பத்தே செடியில் விதை எடுத்தால் ரகத்தின் வேறுபாடு அந்த ஒரே பருவத்தில் சுருங்கிவிடும். பக்கத்து வரிசை மகரந்தம் கலக்கலாம். களத்தில் சீட்டு மாறலாம். அதனால் சீட்டு பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே வைப்பதைப் பென்சிலால் எழுதவேண்டும். விதை வங்கிகளில் நூற்றுக்கணக்கான ரகங்களை ஒரே நேரத்தில் புதுப்பிக்கும்போது குளிரறை கெடுவதைவிட இந்தச் சீட்டு மாறுவதற்குத்தான் பயப்படவேண்டும். குளிரறை கெட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும். சீட்டு மாறினால் எந்த மணியும் அடிக்காது.

நெல் விவசாயி, திருத்துறைப்பூண்டி: மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை என்று ஏழெட்டு ரகம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வருஷா வருஷம் விதைக்க நிலம் இல்லை. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

ஃபிரிட்ஜை இரண்டாவதாக வையுங்கள். முதலில் உலர்த்துங்கள். ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி வகுத்த கைக்கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் 14-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும்வரை இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். 13 சதவீதத்தில் இருக்கும் நெல்லை 8-க்குக் கொண்டுவந்தால் ஐந்து தடவை இரட்டிக்கும், அதாவது 32 மடங்கு. 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃபிரிட்ஜுக்கு மாற்றினாலும் அதே 32 மடங்குதான். உலர்த்துவதற்கு ஒரே தடவை செலவு. ஃபிரிட்ஜுக்கு மாதா மாதம் கரன்ட் பில், நடுவில் டெல்டாவின் புயல் மழையில் மூன்று நாள் மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

வெயிலில் மட்டும் காயவைத்து 8-க்குப் போக முடியாது. கடலோரக் காற்றில் ஈரம் 70, 75 சதவீதம் இருக்கும்போது நெல் 13, 14 சதவீதத்திலேயே நின்றுவிடும். நீங்கள் எவ்வளவு காயவைத்தாலும் இரவில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் வாங்குங்கள். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு கிலோ ஜெல். அவ்வளவா என்று கேட்பீர்கள். 13-லிருந்து 7-க்கு வர, ஒரு கிலோ நெல் சுமார் 65 கிராம் தண்ணீரை விடும். டப்பாவுக்குள் காற்று நன்றாக உலர்ந்த நிலையில் ஜெல் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பிடித்துவைக்கும். ஆக 650 கிராம் கட்டாயம் வேண்டும்; மீதி, திறந்து மூடுவதற்கான இருப்பு.

செய்முறை: அறுவடை நெல்லைக் களத்தில் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் மட்டும் காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமென்ட் தளத்தின் சூடு விதைக்கு ஆகாது. தூற்றிப் பதர் நீக்குங்கள். ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவின் அடியில் ஜெல்லைப் பரப்பி, மேலே துணிப்பையில் நெல்லை வைத்து மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும், உடனே வேறு போடுங்கள். பழையதை இரும்பு வாணலியில் மிதமான தீயில் கிளறி நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். அதிகச் சூட்டில் ஜெல்லின் நிறச்சாயம் கருகிவிடும். நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, அது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், முடிந்தால் ஆரஞ்சையே வாங்குங்கள்.

இரண்டு வாரத்தில் ஒரு நெல்லைப் பல்லால் கடித்தால் "டக்" என்று உடையும். பிறகு நெல்லைக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். காற்றிடம் குறைவாக இருக்கட்டும். அலுமினியப் பை வைத்திருந்தால் கவனம்: சில ரகங்களின் கூரிய முனையும் வால் நெல்லின் வாலும் பையில் ஊசித்துளை போட்டுவிடும். உள்ளே ஒரு காகித உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தாலும் எடுக்கும்போது உடனே திறக்காதீர்கள். பாட்டில் அறையின் சூட்டுக்கு வரும்வரை ஓர் இரவு அப்படியே விடுங்கள். ஐஸ் வாட்டர் பாட்டிலின் மேல் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த விதையின் மேலும் அதே தண்ணீர் படியும். ஒரு வருஷ உழைப்பு அரை மணியில் போகும்.

அமாவாசைக்கு அமாவாசை விதையை வெளியே எடுத்துக் காயவைக்கும் பழக்கம் உங்கள் பக்கத்தில் இருக்கும். நிலவுக்கும் விதைக்கும் முடிச்சுப்போட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை காயவைத்து அந்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான நாட்காட்டி அது. குதிரிலும் வைக்கோல் கோட்டையிலும் வைத்திருந்த காலத்துக்கு மிகச் சரியான ஏற்பாடு. இறுக மூடிய டப்பாவுக்கு மாறிய பிறகு அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் கேடு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரத்தை உள்ளே விடுகிறீர்கள்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் ஒரு எண்ணைச் சொல்லி உங்களை நம்பவைக்க மாட்டோம். வருடத்துக்கு ஒருமுறை 100 நெல்லை ஈரத் துணியில் சுற்றி வைத்து 14 நாளில் எண்ணுங்கள். 80-க்குக் கீழே இறங்கும் ரகத்தை அந்தப் பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள். புது நெல்லுக்குச் சில ரகங்களில் உறக்கம் உண்டு, அதாவது உயிரோடு இருந்தும் முளைக்காது. அறுத்த மாதமே சோதித்துவிட்டு "செத்துவிட்டது" என்று தூக்கி எறியாதீர்கள்.

ஆய்வு மாணவர், கோவை: தட்டைப்பயறு விதையை 5 சதவீதம்வரை உலர்த்தி மைனஸ் 20-ல் வைத்தோம். வைக்கும்போது முளைப்பு 92. ஒரே ஆண்டில் 61. குளிர்பெட்டி நன்றாகத்தான் ஓடியது. தவறு எங்கே?

பெரும்பாலும் விதையில் இல்லை, சோதனையில். அவ்வளவு உலர்ந்த பயறு விதையை நேராக ஈரத்தாளில் வைத்தால் தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே பாயும். செல் சவ்வுகள் சீராவதற்குள் கிழிந்துவிடும், பருப்பிலையில், அதாவது பருப்பாகப் பிளக்கும் இரு பாதிகளில், குறுக்கு விரிசல் விழும். பார்வைக்குச் செத்த விதை போலவே இருக்கும். உங்கள் பதிவேட்டில் "இயல்பற்ற நாற்று" என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே எண்ணிக்கை கூடியிருந்தால், பருப்பிலை உடைந்தும் முளைவேர் குட்டையாகியும் இருந்தால் இதுதான் காரணம். அடுத்த முறை விதையைத் தண்ணீரில் படாமல், தண்ணீருக்கு மேல் கம்பி வலையில், மூடிய டப்பாவில் 20 டிகிரியில் ஒரு நாள் வைத்து ஈரக்காற்றைக் குடிக்கவிட்டுப் பிறகு தாளில் வையுங்கள். 61 மறுபடி 90-க்குப் போனால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

போகவில்லை என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். முளைக்காதவற்றை விரலால் அழுத்துங்கள். கல் போல இருந்தால் கடினவிதை. தண்ணீரே உள்ளே போகவில்லை என்று பொருள். அதிக உலர்வு பயறுவகையில் இதைக் கூட்டும். முளைமுனைக்கு எதிர்ப்பக்கம் தோலில் சிறு கீறல் போட்டுத் திரும்ப வையுங்கள். கூழாக நசுங்கினால் உண்மையிலேயே செத்தது. நடுத்தரமாக, தண்ணீர் குடித்தும் முளைக்காமல் உறுதியாக இருந்தால் டெட்ரசோலியம் சோதனை செய்யுங்கள். உயிருள்ள திசு சிவக்கும். கரைசலின் பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கவேண்டும், இருட்டில் வைக்கவேண்டும். சிவப்பு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம், எவ்வளவு என்பதல்ல. பருப்பிலை முழுக்கச் சிவந்து முளைவேர் வெளுத்திருந்தால் அந்த விதை முளைக்காது.

அடுத்து பை. உலர்த்தி முடித்த பின் ஒட்டுவதற்கு எத்தனை மணி நேரம் மேசையில் கிடந்தது? மழைக்காலத்துக் கோவைக் காற்றில் 5 சதவீத விதை மளமளவென்று ஈரம் ஏற்றிக்கொள்ளும். இப்போது அதே பையைப் பிரித்து ஈரம் அளந்தால் தெரிந்துவிடும். தானாகப் பனி உருக்கும் வீட்டுவகைக் குளிர்பெட்டி என்றால் இன்னொரு சந்தேகம்: அது அடிக்கடி சூடேறிக் குளிரும்.

எத்தனை விதை வைத்தீர்கள் என்று எழுதவில்லை. உண்மையில் 85 சதவீதம் முளைக்கும் விதையில் 50 மட்டும் வைத்துச் சோதித்தால் 75 வந்தாலும் 95 வந்தாலும் தற்செயல்தான். 200 வைத்தால் 80-க்கும் 90-க்கும் நடுவில் வரும். 92-லிருந்து 61 தற்செயல் ஆகாது. ஆனால் 92-லிருந்து 86 என்று யாராவது பதறினால் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

பலா விவசாயி, பண்ருட்டி: நல்ல ருசியான பலாவின் கொட்டைகளை நெல் போலவே காயவைத்து டப்பாவில் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

முளைக்காது. பலா, மா, ரப்பர், கோகோ ஆகியவற்றின் விதைகள் உலர்வைத் தாங்காத இனம். நெல், பயறு, கத்தரி போன்றவை முற்றும்போது தாமாகவே உலர்ந்து உறங்கும். பலாக்கொட்டை ஈரத்தோடே உதிர்ந்து, நிற்காமல் முளைக்கப் பார்க்கும். உலர்த்தினால் சாகும், ஃபிரிட்ஜில் குளிரால் சாகும், அப்படியே வைத்தால் முளைக்கும் அல்லது பூசணம் பிடிக்கும். இந்த இரண்டு வகையையும் 1973-ல் பிரித்துப் பெயரிட்டவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ராபர்ட்ஸ். காப்பி விதை போல இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மூன்றாம் வகை 1990-ல்தான் தெளிவானது.

உங்களுக்கு வேண்டியது ருசி. கொட்டை முளைத்தாலும் தாய் மரத்தின் ருசி வரும் என்று உறுதியில்லை, பலா அயல் மகரந்தப் பயிர். ஒட்டுக்கட்டுங்கள். வங்கிகளிலும் இதைத் தோப்பாகத்தான் காப்பார்கள். தென்னைக்குக் கர்நாடகத்தின் கிடு பண்ணையில் பன்னாட்டு மரபணுத் தோப்பே இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னொரு வழி: விதைக்குள்ளிருக்கும் கடுகளவு முளைக்கருவை மட்டும் வெட்டியெடுத்து, கிளிசரால் முதலான காப்புக் கரைசலில் ஊறவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுவது. திசுவிலுள்ள தண்ணீர் பனிக்கட்டி ஊசியாகாமல் கண்ணாடி போல உறையவேண்டும். ஊசியானால் செல் கிழியும். திரும்ப எடுக்கும்போது சுமார் 40 டிகிரி வெந்நீரில் சட்டென்று உருக்குவதும் அதனால்தான். சொல்ல எளிது. ஒவ்வொரு இனத்துக்கும் கரைசலில் எத்தனை நிமிடம் என்று கண்டுபிடிப்பதில் ஒருவரின் முனைவர் பட்டக்காலம் முழுவதும் போய்விடும்.

ஆசிரியை, நாகர்கோவில்: நார்வேயில் உள்ள ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்துக்கு எங்கள் பள்ளி சேகரித்த விதைகளை அனுப்பலாமா?

தனியாரிடமோ பள்ளியிடமோ வாங்கமாட்டார்கள். மரபணு வங்கிகள் தம் விதையின் நகலை வைக்கும் இடம் அது. 2008 பிப்ரவரி 26-ல் திறந்தார்கள். 45 லட்சம் மாதிரிகள் கொள்ளும், மாதிரிக்கு ஏறக்குறைய 500 விதை. வைத்தவர் தவிர வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. முதன்முதலில் திருப்பி எடுத்தது 2015-ல். சிரியாவின் அலெப்போ அருகில் இருந்த பன்னாட்டு வறண்டநில வேளாண் ஆய்வு மையம் போரால் தன் வங்கியை இயக்க முடியாமல் போனதும், அங்கிருந்து விதையை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கி, 2017-லிருந்து மறுபடி கொண்டுபோய் வைத்தது. நம் நாட்டில் லடாக்கின் சாங் லா கணவாய்ப் பக்கம் 2010 முதல் இயற்கைக் குளிரைப் பயன்படுத்தும் காப்பகம் ஒன்று இருக்கிறது. 2025–26 மத்திய பட்ஜெட்டில் 10 லட்சம் மரபுவளங்களுக்கான இரண்டாவது தேசிய மரபணு வங்கியையும் அறிவித்தார்கள்.

உங்கள் மாணவர் சேகரித்ததில் பாஸ்போர்ட் விவரம் சரியாக இருந்தால் கோவைக்கோ திருச்சூருக்கோ எழுதிக் கேளுங்கள்.

விவசாயி, சிவகங்கை: எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் இருந்த நெல் இப்போது யாரிடமும் இல்லை. வங்கியில் இருந்தால் கொடுப்பார்களா?

கேட்கலாம். வேளாண் அறிவியல் நிலையம் அல்லது பல்கலைக்கழகம் வழியாகக் கேட்டால் வேலை நடக்கும். பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் 2002-ன் பல்லுயிர்ச் சட்டமும் இதற்குப் பின்னால் உள்ளன. பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நெல்லும், ஒரே நெல்லுக்கு ஊருக்கொரு பெயரும் உண்டு. அரிசியின் நிறம், வயது, உயரம், வால் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கொடுப்பது ஒரு கைப்பிடிகூட இருக்காது. மனம் தளரவேண்டாம். 100 விதை கிடைத்தால் ஒற்றை நாற்றாக நடுங்கள். செடிக்குப் பத்துக் கதிர், கதிருக்கு நூறு மணி என்று குறைவாகவே வைத்தாலும் லட்சம் நெல், இரண்டு கிலோவுக்கு மேல். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ போதும் என்பதால் இரண்டாம் பட்டத்தில் முக்கால் ஏக்கர் நடலாம். முதல் பட்டத்தில் மற்ற நெல்லிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, வலை கட்டி நடுங்கள். நூறே செடி என்றால் குருவிக்கு அது ஒரு காலைப் பலகாரம்.

பெயர் வேண்டாம் என்றவர், சேலம்: சம்பளம் எப்படி?

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானியின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், படிகள் தனி. திட்டப் பணிகளில் இதைவிடக் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வேளாண் பட்டதாரி என்றால் மாநில விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை, தனியார் விதை நிறுவனங்களின் தர ஆய்வுக்கூடங்கள் ஆகியவையும் உண்டு. பணத்துக்காக மட்டும் என்றால் தனியார் விதை நிறுவனத்துக்கே போங்கள்.

முதுகலை மாணவி, மதுரை: 10 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் துறையில் மூன்று ஆண்டில் எப்படி முனைவர் பட்டம் வாங்குவது?

விதையை அவசரமாக முதுமையாக்கித்தான். இங்கிலாந்தின் மில்லேனியம் விதை வங்கி வகுத்த முறைப்படி, விதையை முதலில் 20 டிகிரியில் 47 சதவீதக் காற்று ஈரத்துக்குப் பழக்கி, பிறகு 45 டிகிரி வெப்பமும் 60 சதவீதக் காற்று ஈரமும் உள்ள மூடிய பெட்டியில் வைக்கவேண்டும். காற்றின் ஈரத்தை லிதியம் குளோரைடு கரைசல் கட்டுப்படுத்தும். 50 விதை கொண்ட பத்து மாதிரிகளை வெவ்வேறு நாட்களில் வெளியே எடுத்து முளைக்கவிட்டு, பாதி விதை சாவதற்கு எத்தனை நாளாகிறது என்று கணக்கிடுங்கள். அந்த நாளுக்குப் பெயர் பி50. பத்து நாளில் பாதி சாகும் இனத்தையும் நூறு நாள் தாங்கும் இனத்தையும் வங்கியில் ஒரே இடைவெளியில் சோதிக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரியும். நம் நாட்டுச் சிறுதானியங்களின் காட்டு உறவினங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் மூலிகைகள் என்று இந்தக் கணக்கைப் போடவேண்டிய இனங்கள் நிறைய இருக்கின்றன.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, உறக்கத்தை உடைக்கும் வழி தெரியாத இனத்தில் இதைத் தொடங்காதீர்கள். முளைக்காதது உறங்குகிறதா செத்ததா என்று தெரியாமல் வரைகோடே தப்பாகும். நெல்லுக்கு 50 டிகிரியில் சில நாள் சூடு காட்டினால் உறக்கம் கலையும், காட்டு இனங்களில் முதல் ஆறு மாதம் இந்த வழியைத் தேடுவதிலேயே போகலாம். இரண்டாவது, எல்லா மாதிரியும் ஒரே வருடம் ஒரே இடத்தில் விளைந்ததாக இருக்கட்டும். முற்றாமல் பறித்த விதை சீக்கிரம் சாகும், நீங்கள் அதை இனத்தின் குணம் என்று எழுதிவிடுவீர்கள். மூன்றாவது, பெட்டிக்குள் ஈரமானி ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். 60 என்று நினைத்தது 66-ஆக இருந்தால் உங்கள் பி50 பெரிதும் தவறும், கரைசலை மாற்றிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.